கணக்குக் கேட்ட ஆசிரியர் எம்.சி. ராஜா

கல்வியே நம் சமுதாயத்தின் கண் என்பதை நம் கழகம் 25 ஆண்டுகளாக ஊர்தோறும் எடுத்துரைத்து வருகிறது. அக்கண்ணைத் திறக்கப் பொருள் வேண்டும் என்பதும், ஒதுக்கிய பொருள் பிள்ளையின் கையைச் சென்று சேர்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும் என்பதும் அத்துணை அடிக்கடி நம்மால் சொல்லப்படுவதில்லை. இவ்விரண்டையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் ராவ் பகதூர் எம்.சி. ராஜா அவர்கள். வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் அப்பெருமகனாரின் வாழ்வை நம் இளைஞர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைப்பதைக் கடமையாகக் கருதுகிறோம்.

பிறப்பும் கல்வியும்

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் சென்னையை அடுத்த பரங்கிமலையில் பிறந்தார். குடும்பம் எளியது. இராயப்பேட்டை வெஸ்லி உயர்நிலைப் பள்ளியிலும், பின்னர் வெஸ்லி கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று தேறினார். நம்மவருள் பட்டம் பெற்றோரைக் கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய காலம் அது.

பட்டம் பெற்ற அவர் ஆசிரியப் பணியை மேற்கொண்டார். பாடநூல்கள் எழுதினார். பிற்காலத்தில் அரசியலில் பேர் பெற்ற பின்னரும், ஆர். அரங்கநாயகி அம்மையாருடன் சேர்ந்து மழலையர்க்கான பாடல் நூல் ஒன்றை வெளியிட்டார். சட்டசபையில் முழங்கிய ஒருவர் குழந்தைகளின் கைவீச்சுப் பாடல்களையும் கருத்தில் வைத்திருந்தார் என்பது நாம் நினைவிற்கொள்ளத் தக்கது. அவருடைய பொதுவாழ்வு முழுவதையும் விளக்கும் திறவுகோல் இதுவே. வகுப்பறையில் எந்தப் பிள்ளை வரவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்டுப் பழகிய ஆசிரியர், பின்னாளில் அதே கேள்வியை அரசைப் பார்த்துக் கேட்டார்.

அக்காலத்துப் பள்ளிகளின் நிலை

நம் பிள்ளைகளின் கல்விக்கு அரசு பணம் செலவிட வேண்டும் என்ற எண்ணம் ராஜாவுக்கு முன்பே தோன்றிவிட்டது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சித் தலைவராயிருந்த திரமென்ஹீர் 1891 இல் நம் மக்களின் வறுமையையும், நிலமின்மையையும், கல்வியின்மையையும் விரிவாக அறிக்கையிட்டார். 1893 இல் சென்னை அரசு பஞ்சமர் கல்விக்கெனச் சிறப்பு உதவிகளை அறிவித்தது. 1894 இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். கிறித்தவத் திருச்சபைகள் பல ஊர்களில் பள்ளி நடத்தின. பண்டிதர் அயோத்திதாசரும், பெரியவர் இரட்டைமலை சீனிவாசனாரும் இதழ்கள் வழியாகக் கல்வியுணர்வை ஊட்டினர்.

ஆயினும் ஒரு பெருங்குறை நீடித்தது. பொதுப்பணத்தில் நடந்த பள்ளிகள் பல, நம் பிள்ளைகள் கால் வைக்க முடியாத தெருக்களிலே அமைந்திருந்தன. அரசு மானியம் பெற்ற பள்ளியின் வாயிலில், அம்மானியத்திற்கு உரியவனான பிள்ளை நிறுத்தப்பட்டான். ஏட்டில் பள்ளி உண்டு. பிள்ளைக்குப் பள்ளி இல்லை. பணம் ஒதுக்குவது ஒன்று, அது உரியவரைச் சேர்கிறதா என்று மேற்பார்வை செய்வது மற்றொன்று என்னும் பாடத்தை நம் முன்னோர் இவ்வாறு பட்டறிந்தனர்.

தொழிலாளர் துறையின் தோற்றம்

1916 இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளராகப் பொறுப்பேற்ற ராஜா, நம் மக்களின் தேவைகளை அரசின் முன் வைத்து வந்தார். முதல் உலகப்போர் முடிந்ததை ஒட்டி, ஒடுக்கப்பட்டோர் நலனைக் கவனிக்கச் சென்னை மாகாணத்தில் தனி அதிகாரி அமர்த்தப்பட்டார். அவர் தொழிலாளர் ஆணையர் எனப்பட்டார். வீட்டுமனை வாங்கித் தருதல், கிணறு வெட்டுதல், பிற பள்ளிகளில் சேர இயலாத பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி திறத்தல், உதவித்தொகை வழங்குதல், விடுதி நடத்துதல், கூட்டுறவுச் சங்கம் அமைத்தல் ஆகியவை அத்துறையின் பணிகளாயின. லேபர் பள்ளிக்கூடம் என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்போமே, அது இத்துறையின் பள்ளியே.

நம் திருத்தணிப் பகுதி அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டமும் சென்னை மாகாணத்துள்ளே இருந்தது. ஆதலின் அத்துறை பற்றிய சென்னைச் சட்டசபைப் பேச்சு நம் பாட்டன்மாரின் பேச்சுமாகும்.

சட்டசபையில்

1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் ராஜா உறுப்பினராக வீற்றிருந்தார். நீதிக்கட்சியின் துணைத் தலைவராகவும் அவையில் விளங்கினார். 1922 இல் அவர் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். பறையர், பஞ்சமர் என அரசு ஏடுகளில் இழிவு தோன்ற எழுதப்பட்டு வந்த பெயர்களை நீக்கி, தமிழ் பேசுவோரை ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு பேசுவோரை ஆதிஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்பது அத்தீர்மானம். அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. இரு மொழியும் வழங்கும் எல்லையோரமாகிய கே.ஜி.கண்டிகைப் பகுதியில், இவ்விரு பெயர்களும் ஒரே ஊரில் வழங்குவதை நாம் இன்றும் காண்கிறோம். பள்ளிப் பதிவேட்டில் பிள்ளையின் பெயருக்கு எதிரே வசைச்சொல் நின்ற நிலையை மாற்றியவர் ஓர் ஆசிரியரே என்பதை மறத்தலாகாது.

பெயரை மாற்றியதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. 1921 இல் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை ஒட்டிச் சென்னைப் புளியந்தோப்பில் பெருங்கலவரம் மூண்டது. நம் மக்கள் வீடிழந்தனர். அவ்வேளையில் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்கு அளவு கடந்த சலுகை காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அக்குற்றச்சாட்டைச் சொன்னவருள் ராஜா சார்ந்திருந்த கட்சியின் தலைவர்களும் இருந்தனர். கட்சியா சமுதாயமா என்ற கேள்வி வந்தபோது அவர் சமுதாயத்தின் பக்கமே நின்றார். 1923 இல் நீதிக்கட்சியை விட்டு விலகினார். பதவியும் செல்வாக்கும் உடைய கட்சியை விட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கும் மக்களின் மனைக்கும் ஆதாரமான துறையைக் காத்து நின்ற அச்செயல், இன்றைய இளைஞர் அனைவரும் எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

பூனா ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு

1926 இல் அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கத்தின் தலைவரானார். 1927 முதல் பத்தாண்டுக் காலம் தில்லி மத்திய சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். தேர்தல் முறை பற்றி அண்ணல் அம்பேத்கருக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அண்ணலும் இரட்டைமலை சீனிவாசனாரும் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களின் உரிமைக்காக வாதாடினர். தனித்தொகுதி வேண்டும் என்பது அண்ணலின் நிலைப்பாடு. ராஜாவோ 1932 இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூடிய கூட்டுத்தொகுதியை ஆதரித்தார். இவ்வேறுபாட்டை மறைத்து எழுதுவது வரலாறாகாது. இருவரும் வேண்டியது நம் மக்களின் உயர்வையே, வழிகள் வேறாயின.

1932 செப்டம்பர் 24 ஆம் நாள் பூனா ஒப்பந்தம் ஏற்பட்டது. அம்பேத்கர், சீனிவாசன், ராஜா மூவரும் அதில் கையெழுத்திட்டனர். 148 மாகாணச் சட்டசபை இடங்களைப் பற்றியே அனைவரும் பேசுவர். அவ்வொப்பந்தத்தின் இறுதியாகிய ஒன்பதாம் பிரிவைப் பேசுவோர் அரியர். ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து, ஒடுக்கப்பட்டோரின் கல்வி வசதிக்காகப் போதிய தொகை தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பதே அப்பிரிவின் கருத்து. நம் பிள்ளைகளின் கல்விக்கு அரசு தரும் பணம் யாரோ இரங்கி இட்ட பிச்சை என்று எவரேனும் சொன்னால், இப்பிரிவை எடுத்துக்காட்டுங்கள். அது நம் தலைவர்கள் தனித்தொகுதியை விட்டுக்கொடுத்துச் செய்துகொண்ட உடன்பாட்டின் ஒரு கூறு; கொடுத்த விலைக்குப் பெற்ற உரிமை.

இறுதிக் காலம்

1937 இல் கூர்ம வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் ராஜா சில திங்கள் அமைச்சராயிருந்தார். 1938 இல் சென்னைச் சட்டசபையில் அவர் கொண்டுவந்த சமூகக் குறைபாடுகள் நீக்கும் மசோதா சட்டமாயிற்று. பொதுக்கிணறு, பொதுச்சாலை, பொதுப்பள்ளி முதலியவற்றில் நம்மவரைத் தடுப்பது சட்டத்திற்குப் புறம்பு என்றாயிற்று. ஆனால் அவர் கொண்டுவந்த ஆலய நுழைவு மசோதாவுக்கு அன்றைய காங்கிரஸ் அமைச்சரவை ஆதரவு தர மறுத்தது. பூனாவில் நம்பிக்கையோடு கையெழுத்திட்ட அவர் அதனால் பெரிதும் மனம் வருந்தினார். 1942 இல் கிரிப்ஸ் தூதுக்குழு வந்தபோது, அண்ணல் அம்பேத்கருடன் சேர்ந்தே சென்று நம் மக்களின் நிலையை எடுத்துரைத்தார். பத்தாண்டுகளுக்கு முன் பிரிந்த வழிகள் மீண்டும் ஒன்றாயின.

1943 ஆகஸ்டுத் திங்களில் பரங்கிமலையில் ராஜா மறைந்தார். மறு ஆண்டு 1944 இல், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராயிருந்த காலத்தில், இந்திய அரசு நம் மாணவரின் உயர்கல்விக்கு உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கியது. 1949 இல் சென்னையில் அரிசன நலத்துறை தனியே அமைந்தது. அதுவே பின்னர் ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிற்று. சென்னை சைதாப்பேட்டையில் உள்ள அரசு மாணவர் விடுதி எம்.சி. ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நமக்குள்ள கடமை

நம் வட்டம் 1953 இல் ஆந்திர மாநிலத்தோடு சென்று, 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு மீண்டும் இணைந்தது. அரசுகள் மாறின, மாவட்டங்களும் மாறின. பிள்ளையின் உரிமையைத் தொடர்ந்து கேட்கும் பொறுப்பு மட்டும் மாறாமல் நம்மிடமே இருந்து வருகிறது.

இன்று நமக்கெனத் தனி நிதி உண்டு. மக்கள்தொகை விகிதத்திற்கேற்ப நிதி ஒதுக்கும் சிறப்புக்கூறுத் திட்டம் 1979-80 ஐ ஒட்டித் தொடங்கியது. எனினும் அப்பணமும் வழிதவறியதுண்டு. தில்லியில் ஒடுக்கப்பட்டோர்க்குரிய நிதி காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குத் திருப்பிவிடப்பட்டதை, 2010 இல் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. தமிழ்நாட்டில் இந்நிதியைப் பாதுகாக்க 2024 இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2025 இல் நலத்துறை விடுதிகள் சமூகநீதி விடுதிகள் எனப் பெயர் பெற்றன. நல்ல பெயரே. 1922 இல் பெயர் மாற்றிய ராஜா அதன் பின்னும் பணி செய்ததைப் போல, நாமும் பெயருக்குள்ளே சென்று பார்த்தல் வேண்டும்.

விடுதியில் தங்கும் பள்ளிப் பிள்ளையின் உணவுப்படி 2023 இல் மாதம் 1,400 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 47 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. இத்தொகை போதுமா என்று கேட்பது ஒரு கேள்வி. இத்தொகை முழுவதும் பிள்ளையின் தட்டில் வந்து விழுகிறதா என்று கேட்பது அடுத்த கேள்வி. இரண்டாவது கேள்வியைச் சென்னையிலிருந்தோ தில்லியிலிருந்தோ எவரும் வந்து நமக்காகக் கேட்கமாட்டார்.

இளைஞர்களே! கேட்பதற்குரிய கருவிகள் இன்று நம் கையில் உள்ளன. 2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர்களே. அவ்விடத்தை வெறும் கையெழுத்திடும் இடமாக விட்டுவிடாதீர்கள். 2005 ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி, ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, மார்ச்சுத் திங்கள் முடிவில் செலவிடப்படாமல் நின்றது எவ்வளவு என்று எழுதிக் கேட்கலாம். கிராம சபையில் எழுந்து நின்று பேசலாம். விடுதியில் சேர வேண்டிய பிள்ளை எவன், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய பெண் எவள், சாதிச்சான்று இன்றித் தவிப்பவர் யார் என்ற பட்டியலை நம் தெருவிலேயே எழுதி வைக்கலாம்.

நம் கழகத்தின் அடுத்த 25 ஆண்டுகளுக்கு இப்பணியைவிடச் சிறந்ததொரு பணி இல்லை. பணிவோடு, ஆனால் விடாது கணக்குக் கேட்போம். வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடும் ஆசிரியரைப் போல், நம் பிள்ளைகளுள் ஒருவரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வோம். அப்பெருமகனாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவேயாகும்.

வாழ்க எம்.சி. ராஜா புகழ்! வளர்க நம் கழகத்தின் கல்விப்பணி!