டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி: வழி விட்ட பெற்றோர், வழி காட்டிய மகள்



நம் குழுவில் ஒரு பெண் கர்ப்பமாக இருக்கிறாள் என்று தெரிந்தால், கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியாச்சா என்றுதான் முதலில் கேட்போம். அந்த எண் இருந்தால்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி கிடைக்கும். நம்மில் எத்தனையோ பேர் அந்தப் பணத்தை வாங்கியிருக்கிறோம். மகளுக்கும் மருமகளுக்கும் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று கேட்டால், யாரோ ஒரு பெரிய டாக்டரம்மா என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

அவர் செய்த சாதனைகள் நிறைய. அவற்றையும் சொல்கிறேன். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, பதின்மூன்று வயதிலிருந்து இருபது வயது வரை அவர் வீட்டில் நடந்ததுதான். ஏன் என்றால், நம் கூட்டங்களில் சேமிப்பு, கடன், தவணை எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் வருவது பிள்ளைகள் பேச்சுதான். பத்தாவது முடிச்சாச்சு, அடுத்து என்ன செய்யறது? பொண்ணை மேல படிக்க வைக்கிறதா, மாப்பிள்ளை பார்க்கிறதா? இதே கேள்வி நூறு வருஷத்துக்கும் முன்னால் புதுக்கோட்டையில் ஒரு வீட்டிலும் வந்தது.

முத்துலட்சுமி 1886-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், படித்தவர், கல்விப் பணியில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலத்தில், தேவதாசி மரபில் வந்தவர். சாதி கடந்து சேர்ந்து வாழ்ந்ததால் அப்பாவை அவருடைய சொந்தக்காரர்கள் ஒதுக்கி வைத்தார்கள். ஊரில் அந்தக் குடும்பத்தைப் பார்க்கும் பார்வையும் நல்லதாக இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு அன்றைக்கு என்ன எதிர்காலம் இருந்திருக்கும் என்று நாமே யோசித்துப் பார்க்கலாம்.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். நன்றாகப் படித்தார். ஆனால் வயதுக்கு வந்தவுடன் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். பெரும்பாலான வீடுகளில் கதை அத்தோடு முடிந்துவிடும். இந்த வீட்டில் முடியவில்லை. பள்ளிக்குத்தானே போகக் கூடாது, படிக்கவும் கூடாதா என்று அப்பா நினைத்தார் போலும். வீட்டிலேயே பாடம் நடந்தது. பிறகு மெட்ரிகுலேஷன் தேர்வைப் பள்ளிக்குப் போகாமலேயே தனித்தேர்வராக எழுதி, முத்துலட்சுமி தேறினார்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சந்திரம்மாளுக்கு மகளுக்குச் சீக்கிரம் கல்யாணம் முடித்துவிட வேண்டும் என்றுதான் ஆசை. இதைப் படிக்கும்போது அவர் மேல் நமக்குக் கோபம் வரலாம். எனக்கு வரவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தும், நமக்குப் பிறகு இவளுக்கு யார் துணை என்று கவலைப்பட்டும் கேட்கிற தாய் அவர். நாமும் அப்படித்தானே கேட்கிறோம்? ஆனால் மகளுக்குப் படிப்பில்தான் மனம் இருந்தது. அப்பா மகள் பக்கம் நின்றார். கல்யாணப் பேச்சு தள்ளிப்போனது. இந்தப் பேச்சை நிறுத்தி வைத்ததால்தான் அடுத்து வந்த எல்லாமே நடந்தது.

மெட்ரிகுலேஷன் முடிந்தது. அடுத்து கல்லூரி. புதுக்கோட்டையில் இருந்தது ஆண்கள் படிக்கும் மகாராஜா கல்லூரி மட்டும்தான். பெண்ணைச் சேர்க்க முடியாது என்று எதிர்ப்பு கிளம்பியது. ஆண் பிள்ளைகள் நடுவே பெண் ஒருத்தியா என்பது ஒரு பக்கம். அவருடைய தாயின் குலத்தைச் சொல்லிப் பேசியது இன்னொரு பக்கம். அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் எதிர்ப்பைத் தள்ளிவிட்டு இடம் கொடுத்தார். உதவித்தொகையும் கொடுத்தார். ஆண் பிள்ளைகள் கண்ணில் படாதபடி திரைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் அவர் பாடம் கேட்டார் என்று சொல்வார்கள்.

இதில் நான் கவனித்தது ஒன்று உண்டு. பதின்மூன்று வயதில், இவள் டாக்டராகப் போகிறாள் என்று யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. பள்ளி நின்றபோது வீட்டுப் பாடம், அதன்பின் தனித்தேர்வு, தேர்வு முடிந்ததும் கல்லூரி என்று, கண்ணுக்குத் தெரிந்த அடுத்த படியை மட்டும் பார்த்தார்கள். ஒரு படி அடைபட்டால் வேறு பக்கம் வழி இருக்கிறதா என்று தேடினார்கள். பணம் போதவில்லை என்றால் உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். இவ்வளவுதான். ஆனால் இதைச் செய்வதற்குள் எவ்வளவு பேச்சு கேட்டிருப்பார்கள்!

1907-ல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது வயது 21. ஊரில் அவர் வயதுப் பெண்கள் இரண்டு மூன்று குழந்தைகளுக்குத் தாயாகி இருப்பார்கள். 1912-ல் சிறப்பாகத் தேறி டாக்டர் ஆனார். அந்தக் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய ஆரம்ப கால இந்தியப் பெண்களில் அவர் ஒருவர். சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாகவும் வேலை பார்த்தார்.

அப்போ கல்யாணம்? அதுவும் நடந்தது. 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தான் செய்ய நினைக்கும் காரியங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே பேசி, அவர் ஒத்துக்கொண்ட பிறகுதான் சம்மதித்தார். படிச்சு முடிச்சா எவன் கட்டுவான் என்று நம் ஊரில் இன்னமும் கேட்கிறார்கள். தாமதமாக நடந்த இந்தக் கல்யாணத்தில், பெண் தன் நிபந்தனையைச் சொல்லிக் கேட்கும் நிலையில் இருந்தார். அந்த நிலையைக் கொடுத்தது படிப்பு. இரண்டு மகன்கள் பிறந்தார்கள். பிறகு 1925-ல் அரசு உதவியோடு இங்கிலாந்து போய், பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேல்படிப்பும் படித்தார்.

இனி அவர் செய்தவை. சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் அதன் துணைத் தலைவராக ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு பெண் அந்த இடத்தில் உட்கார்ந்தது அப்போதுதான் முதல்முறை. பெண் குழந்தைகளின் கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று பேசினார். சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். தன் தாய் வழியில் வந்த பெண்கள் பட்ட துயரம் அவருக்குத் தெரியும். பெரிய மனிதர்கள் பலர் எதிர்த்தார்கள். 1929-ல் அவர் முயற்சியால், தேவதாசிப் பெண்கள் அனுபவித்து வந்த மானிய நிலங்களைக் கோயில் சேவையிலிருந்து விடுவிக்கும் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் சட்டம் 1947-ல் வந்தது. கிட்டத்தட்ட இருபது வருஷப் போராட்டம்.

1930-ல் காந்தியைக் கைது செய்தபோது, எதிர்ப்பைக் காட்டித் தன் சட்டசபைப் பதவியை விட்டார். அதே சமயம் தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் சிலர் அந்த வாழ்க்கை வேண்டாம், படிக்க வேண்டும் என்று அவரைத் தேடி வந்தார்கள். விடுதிகளில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே தங்க வைத்தார். அப்படி ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம். ஆதரவில்லாத பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அந்த இல்லம் இன்றும் சென்னை அடையாறில் நடக்கிறது. அன்று தனக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டதை அவர் மறக்கவில்லை.

அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அந்தத் துக்கத்தை மனதில் வைத்து, புற்றுநோய்க்கு என்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல வருஷம் அலைந்தார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதில் வாழ்நாள் முழுக்கப் பணி செய்தார். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ம் தேதி, 81-வது வயதில் முத்துலட்சுமி காலமானார்.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்? நம் பிள்ளைகள் எல்லோரும் டாக்டர் ஆக வேண்டும் என்பதல்ல. முத்துலட்சுமியை யாரும் பிடித்து இழுத்துப் படிக்க வைக்கவில்லை. ஆசை அவருடையது, வழியைத் திறந்தது பெற்றோர். பிள்ளையை இழுப்பது வேறு, வழி விடுவது வேறு. நாம் படிக்கவில்லையே, நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கவும் வேண்டாம். கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். நமக்குத் தேவைப்படும் சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பத்தாவது ரிசல்ட் வருவதற்கு முன்பே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். எந்தப் பாடம் பிடிக்கும், எது கஷ்டம் என்று கேளுங்கள். பிளஸ் ஒன்னில் எடுக்கும் பிரிவைப் பொறுத்துத்தான் பிறகு உள்ள வழி. மருத்துவம், நர்சிங் பட்டப்படிப்பு என்றால் உயிரியல் வேண்டும். பொறியியல் என்றால் கணிதம் வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த பிரிவையே எடுக்கச் சொல்லாதீர்கள். பிளஸ் ஒன் பிடிக்கவில்லை என்றால் பத்தாவதுக்குப் பிறகே பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இருக்கிறது. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பெயில் ஆனால் வீட்டில் ரகளை வேண்டாம். துணைத்தேர்வு சீக்கிரமே வந்துவிடும். இடையில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைக்கும், முத்துலட்சுமி எழுதியதுபோல் தனித்தேர்வர் வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

பணம் இல்லை என்று நிறுத்தாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளை கல்லூரிக்கோ, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ.க்கோ போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீதம் இடம் தனியாக உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது.

புதுமைப் பெண் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கிறது. அவரும் பொட்டுக் கட்டும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர்தான். முன்பு அதே பெயரில் இருந்தது கல்யாண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கம் என்று வாங்கினோமே, அதுதான். 2022-ல் அது படிப்பு உதவியாக மாறிவிட்டது. அரசாங்கமே கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்கு மாற்றியிருக்கிறது. நம் வீடுகளிலும் மாற வேண்டும். பதினெட்டு ஆகாத பெண்ணுக்கு எந்தக் குழுக் குடும்பத்திலாவது கல்யாணப் பேச்சு எழுந்தால், நாம் போய்ப் பேசுவோம். பேச்சுக்கு மசியவில்லை என்றால் 1098-க்குச் சொல்வோம். சொந்தக்காரர்கள் ஆச்சே என்று சும்மா இருக்க வேண்டாம்.

கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் ஒன்று. ஒவ்வொரு ஏப்ரல், மே மாதக் குழுக் கூட்டத்திலும், கடன் பதிவேடு எழுதி முடித்ததும், பத்தாவதும் பன்னிரண்டாவதும் எழுதிய நம் பிள்ளைகளின் பெயரை ஒரு பக்கத்தில் எழுதுவோம். பெயருக்கு நேரே, அடுத்து எங்கே சேரப் போகிறார்கள், என்ன தேவைப்படுகிறது என்று குறிப்போம். அந்த இடம் காலியாக இருந்தால் அந்த வீட்டுக்கு நம்மில் இரண்டு பேர் போவோம். அந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் பெயருக்கு நேரேகூட இடம் காலியாக இருக்கக் கூடாது.