சுரேந்திரநாத் பானர்ஜி

சர் சுரேந்திரநாத் பானர்ஜி (நவம்பர் 10, 1848 – ஆகஸ்ட் 6, 1925) பிரித்தானிய இந்தியாவின் தொடக்ககால அரசியல் தலைவர்களுள் ஒருவர் ஆவார். இந்திய தேசிய காங்கிரசின் தலைவராக 1895 இலும் 1902 இலும் பணியாற்றினார். அரசியலுக்கு வரும் முன் இவர் ஐ.சி.எஸ். எனப்பட்ட இந்தியக் குடிமைப் பணியில் இருந்தார். அப்பணியில் நுழைவதற்கு ஒரு முறையும் நீடிப்பதற்கு மறு முறையும் போராடினார். முதலாவதில் வென்றார், இரண்டாவதில் தோற்றார்.

பிறப்பும் கல்வியும்

கல்கத்தாவில் மருத்துவர் துர்காசரண் பானர்ஜியின் மகனாகப் பிறந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், 1868 இல் ரமேஷ் சந்திர தத், பிகாரி லால் குப்தா ஆகியோருடன் குடிமைப் பணித் தேர்வு எழுத இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

யார் அரசியாரின் ஊழியர்?

பிறப்பிடம், சமயம், நிறம் ஆகியவற்றைக் காரணம் காட்டி இந்தியர் எவரையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதவிகளிலிருந்து விலக்கலாகாது என்று 1833 ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் கூறியது. 1853 ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய அரசின் பிறவிக் குடிகள் அனைவருக்கும் போட்டித் தேர்வைத் திறந்தது. 1858 இல் ஆட்சி கைமாறியபோது கம்பெனி ஊழியர்கள் அரசியாரின் ஊழியராயினர். எனினும் அவர்களிடையே இரு வகுப்புகள் இருந்தன. உடன்படிக்கையில் கையொப்பமிட்ட உயர்நிலை அலுவலர்களுக்கென முதன்மைப் பதவிகளை 1861 ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. எழுத்தர், துணை ஆட்சியர் போன்ற ஏனையோர் அரசு வேலையில் இருந்தும் அவ்வகுப்பில் சேரவில்லை. தேர்வோ இலண்டனில் மட்டுமே நடந்தது.

தேர்வின்றி இந்தியரை உயர்பதவியில் அமர்த்த 1870 ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. இந்தியர் யார் என்பதையும் அது வரையறுத்தது. அரசியாரின் இந்திய ஆட்சிப் பகுதிக்குள், அங்கேயே நிலையாக வாழும் பெற்றோருக்குப் பிறந்து, அங்கு வாழ்பவரே இந்தியர். ஆகவே, புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்களின் குடிகள் இவ்வரையறைக்குள் வரவில்லை. அவர்களுக்கு 1916 ஆம் ஆண்டுத் திருத்தமே வழி திறந்தது.

வயது வழக்கு

1869 இல் பானர்ஜி தேர்ச்சி பெற்றார். ஆனால் அவர் வயது வரம்பான 21 ஐத் தாண்டியவர் என்று கூறித் தேர்வாணையர்கள் பெயரை நீக்கினர். அவரோடு தேர்ச்சி பெற்ற ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூருக்கும் இதுவே நேர்ந்தது. பானர்ஜியின் மெட்ரிகுலேசன் பதிவில் 1863 இல் வயது 16 என்றிருந்ததே இதற்குக் காரணம். நடக்கும் ஆண்டையும் சேர்த்து வயது சொல்வது இந்திய வழக்கம். 15 நிறைந்தவர் தம்மைப் பதினாறு வயதினர் என்றே சொல்வார். நம் ஊர்களிலும் இவ்வழக்கு இன்னும் மறையவில்லை. பானர்ஜி குயின்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் ஆணையர்களிடம் விளக்கம் கோரியபின் அவர்கள் இறங்கிவந்தனர். 1871 இல் இறுதித் தேர்விலும் வென்று, இன்று வங்காளதேசத்தில் உள்ள சில்ஹெட்டில் உதவி மாஜிஸ்திரேட்டாகப் பொறுப்பேற்றார்.

பணிநீக்கம்

திருட்டு வழக்கொன்றில் குற்றஞ்சாட்டப்பட்ட யுதிஷ்டிரன் என்பவரைத் தலைமறைவானோர் பட்டியலில் சேர்த்த ஆணையில் பானர்ஜியின் கையொப்பம் இருந்தது. குவிந்திருந்த தாள்களோடு கவனியாது ஒப்பமிட்டதாக அவர் கூறியதை விசாரணைக் குழு ஏற்கவில்லை. 1874 இல் மாதம் 50 ரூபாய் கருணைத்தொகையுடன் பணிநீக்கம் செய்யப்பட்டார். இத்தகைய பிழைக்கு ஆங்கிலேய அலுவலர் ஒருவர் பணியிழந்திருப்பார் என்று கருதுவது கடினம்.

பணியில் சேரும் தகுதியைச் சட்டவிதி வரையறுத்திருந்ததால் முன்பு நீதிமன்றம் செல்ல முடிந்தது. ஆனால் ஊழியர் பதவியில் நீடிப்பது முடியரசின் விருப்பத்தைப் பொறுத்தது என்பது அக்காலக் கோட்பாடு. இலண்டன் சென்று இந்திய அமைச்சகத்திடம் முறையிட்டார், பயனில்லை. அரசுப் பணியிலிருந்து நீக்கப்பட்டவர் என்ற காரணத்தால் மிடில் டெம்பிள் சங்கம் இவரை வழக்கறிஞராகவும் ஏற்க மறுத்தது.

அரசியல் வாழ்க்கை

நாடு திரும்பிய இவருக்கு ஈசுவர சந்திர வித்தியாசாகர் தம் கல்லூரியில் ஆசிரியர் பணி அளித்தார். 1876 இல் இந்தியச் சங்கத்தை நிறுவுவதில் முன்னின்றார். அவ்வாண்டு சாலிசுபரி பிரபு தேர்வு வயது வரம்பை 21 இலிருந்து 19 ஆகக் குறைத்தார். கடல் கடந்து தேர்வெழுதும் இந்திய இளைஞர்க்கு இது ஏறத்தாழக் கதவடைப்பே. இதனை எதிர்த்து பானர்ஜி 1877–78 இல் வட இந்தியாவிலும், பின்னர் பம்பாய், சென்னை மாகாணங்களிலும் பயணம் செய்து ஆதரவு திரட்டினார். இந்தியாவிலும் இத்தேர்வை நடத்துவது 1922 இல்தான் தொடங்கியது. பெங்காலி இதழை நடத்திய இவர், நீதிபதி ஒருவரை விமர்சித்து எழுதியதற்காக 1883 இல் இரு மாதம் சிறையிருந்தார். 1905 வங்கப் பிரிவினை எதிர்ப்பிலும் முன்னணியில் நின்றார்.

பிற்காலம்

1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களை ஏற்றதால் காங்கிரசிலிருந்து விலகினார். 1921 இல் சர் பட்டம் பெற்று, வங்காளத்தின் உள்ளாட்சித் துறை அமைச்சரானார். தம்மை நீக்கிய அதே பணியின் அலுவலர்கள் இப்போது இவர் துறையில் கோப்புகளைச் சமர்ப்பித்தனர். 1923 தேர்தலில் பிதான் சந்திர ராயிடம் தோற்றார். தன்வரலாற்று நூல் வெளிவந்த 1925 ஆம் ஆண்டிலேயே பராக்பூரில் காலமானார்.