ஒரே ராத்திரியில் தயாரான உரை: யார் இந்த சோஃபியா கோவலெவ்ஸ்கயா?

1880-ன் தொடக்கம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இயற்கை அறிவியலாளர்கள், மருத்துவர்கள் மாநாட்டில் பேசும்படி சோஃபியாவை அழைத்தார் கணித மேதை செபிஷேவ். கையில் இருந்ததோ ஆறு வருஷம் முன்பு ஜெர்மனில் எழுதி, அச்சேறாமல் கிடந்த கட்டுரை. ஒரே ராத்திரியில் அதை ரஷ்ய மொழிக்கு மாற்றி மேடையேறினார்.

ஏன் ஆறு வருஷ இடைவெளி? ரஷ்யப் பல்கலைக்கழகங்களில் பெண்களுக்கு இடமில்லை. வெளிநாடு போய்ப் படிக்கவே 18 வயதில் பேருக்கு ஒரு கல்யாணம். பெர்லினும் கதவைத் திறக்கலை. பேராசிரியர் வையர்ஸ்ட்ராஸ் நாலு வருஷம் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். 1874-ல் கோட்டிங்கனில் டாக்டர் பட்டம். ஊர் திரும்பினால் வேலை இல்லை. கணிதத்தை மூட்டை கட்டிவிட்டு, பத்திரிகைக்கு நாடக விமர்சனம் எழுதினார்!

மாநாட்டுக்குப் பிறகுதான் மறுபடி ஆராய்ச்சி. 1883-ல் கணவர் இறந்தார். அதே ஆண்டு, மிட்டாக்-லெஃப்லர் முயற்சியில் ஸ்டாக்ஹோமில் பாடம் நடத்தும் வாய்ப்பு. முதலில் பல்கலைக்கழகச் சம்பளம் கிடையாது, மாணவர்கள் தரும் கட்டணம்தான்.

அவரை உலகறியச் செய்தது பம்பரம். ஒரு புள்ளியில் நிலைத்துச் சுழலும் பொருளின் சமன்பாட்டுக்கு ஆய்லரும் லாக்ராஞ்சும் ஆளுக்கொரு வகையில் முழுத் தீர்வு கண்டிருந்தார்கள். மூன்றாவது வகையைப் பிடித்தவர் சோஃபியா. 1888-ல் பாரிஸ் அகாடமியின் போர்டான் பரிசுக்குக் கட்டுரைகள் பெயர் இல்லாமல்தான் போகும். இவருடையதைப் பார்த்து, பரிசுத் தொகையை 3,000 ஃபிராங்கிலிருந்து 5,000 ஆக்கினார்கள். மறு ஆண்டே நிரந்தரப் பேராசிரியர் பதவி.

1891-ல் நிமோனியாவில் இறந்தபோது வயது 41. பம்பரச் சமன்பாட்டை அவர் அலசிய விதம், பின்னாளில் ‘பான்லெவே சோதனை’க்கு அடித்தளமானது. நேரியல் அல்லாத ஒரு சமன்பாடு முழுசாகத் தீருமா, தீராதா என்று பார்க்க ஆய்வாளர்கள் இன்றும் அதைப் போட்டுப் பார்க்கிறார்கள்.