காதம்பினி கங்குலி

1878ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறிய காதம்பினி போசு, ஒரே ஒரு மதிப்பெண்ணால் முதல் வகுப்பை இழந்தார். ஆயினும் அத்தேர்ச்சி ஒரு கல்லூரிக்கே வித்தாயிற்று. அவர் மேலே பயிலும்பொருட்டுப் பெத்தூன் பள்ளியில் கல்லூரி வகுப்புத் தொடங்கப்பெற்றது. தொடக்கத்தில் அவ்வகுப்பின் மாணவி அவர் ஒருவரே.

1861இல் பிறந்த காதம்பினியின் தந்தையார் பாகல்பூரில் தலைமையாசிரியர். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்தவர். 1883இல் காதம்பினியும் சந்திரமுகி போசும் இளங்கலைப் பட்டம் பெற்றனர். ஆக்ஸ்போர்டு 1920 வரையிலும் கேம்பிரிட்ஜ் 1948 வரையிலும் பெண்டிர்க்கு முழுப்பட்டம் நல்கவில்லை என்பதை ஈண்டு நினைத்தல் வேண்டும். வங்கக் கவிஞர் ஹேமசந்திர பந்தோபாத்யாய் இருவரையும் வாழ்த்திப் பாடினார். சந்திரமுகி முதுகலையும் முடித்துப் பெத்தூன் கல்லூரியின் முதல்வரானார். காதம்பினி நாடியதோ மருத்துவம்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களை ஏற்றிருந்தது. கல்கத்தாவில் இடம் மறுக்கப்பட்ட அபலா தாஸ் (பின்னாளில் ஜகதீச சந்திர போசின் துணைவியார்) 1882இல் சென்னைக்கு வந்தே மருத்துவம் பயின்றார். காதம்பினி ஊர் பெயரவில்லை. அவர்தம் ஆசிரியராயிருந்து 1883இல் கணவரான துவாரகநாத் கங்குலி உள்ளிட்டோர் வாதாடினர், அரசு தலையிட்டது, கதவு திறந்தது. பட்டம் மட்டும் எட்டவில்லை. இறுதித் தேர்வின் ஒரு பகுதியில் தேறாமையால் எம்.பி. பட்டம் மறுக்கப்பட, 1886இல் கல்லூரியின் சான்றிதழே கிட்டியது. அச்சான்றே மருத்துவம் செய்யப் போதுமானதாயிருந்தது. 1888இல் லேடி டஃப்ரின் மருத்துவமனையில் திங்கள் 300 ரூபாய் ஊதியத்தில் பணியேற்றார். 1889இல் பம்பாய்க் காங்கிரசுக்குப் பேராளராகச் சென்றார்.

கவிஞர் வாழ்த்திய அதே வங்கமொழியில்தான் இழிசொல்லும் வந்தது. 1891இல் 'பங்கபாசி' இதழ் அவரைப் பெயர் சுட்டாது கற்பிலாள் என்னும் பொருள்படத் தூற்றிற்று. இல்லறமும் குழந்தைகளும் உடையவர், நோயாளியைக் காண இல்லம்தோறும் சென்றவர். அதுவே குற்றமாகத் தோன்றியது போலும்! பெண்ணுக்குப் பொறுமையே அணி என்று அவர் வாளா இருந்தாரல்லர், வழக்குத் தொடுக்கப்பட்டது. இதழாசிரியர் மகேஷ் சந்திர பால் ஆறு திங்கள் சிறையும் நூறு ரூபாய்த் தண்டமும் பெற்றார். பட்டத்தினும் இத்தீர்ப்பே அவர் வாழ்வின் பெருவெற்றி எனலாம். தொழில் செய்யும் பெண்ணின் மானம் நீதிமன்றத்தில் நிலைபெற்றதன்றோ!

எனினும் பட்டமின்மையைச் சுட்டுவோர் வாய் ஓயவில்லை. 1893இல் குழந்தைகளை விட்டுத் தனியே கடல் கடந்து, ஸ்காட்லாந்து மருத்துவக் கழகங்களின் கூட்டுத் தகுதியைப் பெற்று மீண்டார். 1898இல் கணவரை இழந்தபின்னும் தொழிலை விடவில்லை. 1923 அக்டோபர் 3ஆம் நாள் ஓர் அறுவை மருத்துவத்தை முடித்து வீடு திரும்பியவர், அன்றே இயற்கை எய்தினார்.