வழியனுப்பும் பாடல் தந்த குனோ

மாதா திருநாள் அன்று நம் சிற்றாலயத்தில் பாடகர் குழுவினர் 'ஆவே மரியா' பாடும்போது, வெளியே கும்மிடிப்பூண்டி ரயில் கடந்து செல்லும் ஓசைகூட நம் காதில் விழுவதில்லை. இத்துணை இனிமை வாய்ந்த இசையைத் தந்தவர் யார் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? அவர்தாம் பிரான்சு நாட்டின் ஆர்கன் இசைஞரும், ஆப்பெரா எனப்படும் இசை நாடகங்களை இயற்றியவருமான சார்லஸ் குனோ. அன்னாரின் வாழ்வை இங்குச் சுருக்கமாகக் காண்போம்.

குனோ 1818-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள் பாரிஸ் மாநகரில் பிறந்தார். தந்தை ஓவியர். மகனுக்கு ஐந்து வயது நிறையுமுன்பே அவர் காலமானார். தாயார் மனந்தளராமல் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்த வருவாயில் இரு புதல்வர்களையும் வளர்த்தார். குனோவுக்குப் பியானோ கற்றுத் தந்த முதல் ஆசிரியையும் அவரே. எனினும், இசையை நம்பி மகன் எவ்வாறு பிழைப்பான் என்று அத்தாயுள்ளம் அஞ்சியது. தம் மகனின் எண்ணத்தை மாற்றுமாறு பள்ளித் தலைமையாசிரியரை வேண்டினார். தலைமையாசிரியர் சிறுவனிடம் ஒரு பாடலைக் கொடுத்து, அதற்கு இசையமைக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் அவன் பாடிக் காட்டியதும், தடுக்க நினைத்த அவரே கண் கலங்கினார். இவன் இசை பயிலட்டும் என்று தீர்ப்பளித்தார்.

பிரெஞ்சு அரசு இளங்கலைஞர்களுக்கு அளித்துவந்த ரோமாபுரிப் பரிசுக்குக் குனோ மும்முறை முயன்றார். மூன்றாம் முறை, 1839-இல், முதற்பரிசு அவருக்குக் கிடைத்தது. ரோமையில் சிஸ்டைன் ஆலயத்தில் கேட்ட பலஸ்திரினாவின் பக்தி இசை அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. தாயகம் திரும்பும் வழியில், ஜெர்மனியில் மெண்டல்சன் என்னும் பேரிசைஞர் அவருக்குப் பாக் இயற்றிய ஆர்கன் இசையை வாசித்துக் காட்டினார்.

1843-இல் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் ஆலயத்தில் குனோ ஆர்கன் இசைஞராகப் பொறுப்பேற்றார். இந்தச் சபை நமக்கு அந்நியமானதன்று. 1776 முதல் புதுச்சேரி மறைப்பணியை ஏற்று நடத்தியது இச்சபையே. திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில் லூர்து அன்னை ஆலயத்தை எழுப்பிய தார்ராஸ் அடிகளாரும் இச்சபையைச் சேர்ந்தவரே. குனோ அங்கே பலஸ்திரினாவையும் பாக்கையும் முழங்கச் செய்தார். பழகிய இன்னிசையை எதிர்பார்த்த பங்கு மக்கள் முதலில் முணுமுணுத்தனர். ஆனால் அவர் பின்வாங்கவில்லை. நாளடைவில் மக்களின் செவிகளும் பழகின.

தூர தேசங்களுக்குப் புறப்படும் இளங்குருக்களை அன்றாடம் கண்ட குனோவின் உள்ளத்தில் தாமும் குருவாக வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. 1847-இல் அங்கி அணிந்து இறையியல் பயிலத் தொடங்கினார். ஆனால் தமக்கு அந்த அழைத்தல் இல்லை என உணர்ந்து, 1848-இல் படிப்பை விட்டு விலகினார். ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சித் தமக்குப் பொருந்தாத வழியில் நீடிக்க அவர் விரும்பவில்லை.

போக இயலாத அவர், போகிறவர்களுக்கு ஒரு பாடல் தந்தார்! வேதபோதகர்களின் புறப்பாட்டுப் பாடலுக்கு இசையமைத்தவர் குனோவே. அதன் வரிகளை எழுதிய சார்லஸ் தாலே அடிகளார் பின்னர் மைசூர் மறைப்பணிக்கு வந்தார். பீடத்தின் முன் நிற்கும் இளங்குருக்களின் பாதங்களை உற்றார் உறவினர் முத்தமிட, அப்பாடல் ஒலிக்கும். அவ்வாறு சென்றவர்களுள் பலர் வீடு திரும்பவேயில்லை.

பின்னர் குனோ நாடக மேடையை நாடினார். முதல் ஆப்பெராவான 'சாஃபோ' 1851-இல் அரங்கேறியும் பெரும் வெற்றி பெறவில்லை. 1859-இல் வந்த 'ஃபௌஸ்ட்' அவர் புகழை உலகெங்கும் பரப்பியது. இளமைக்காகத் தன் ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்கும் அறிஞனின் கதை அது. அதில் பேதைப் பெண் மார்கரீத் ஆலயத்தில் மன்றாடும் காட்சியில் ஆர்கன் முழங்குகிறது. மேடைக்குச் சென்றாலும் ஆலயம் அவரை விட்டு நீங்கவில்லை என்பதற்கு இதுவே சான்று. 1867-இல் 'ரோமியோவும் ஜூலியட்டும்' அரங்கேறியது. இதற்கிடையே 1855-இல் புனித செசிலியம்மாள் திருப்பலி இசையையும் படைத்தார்.

நாம் பாடும் 'ஆவே மரியா' பிறந்த கதை வியப்புக்குரியது. பாக் 1722-இல் தொகுத்த நூலின் முதல் இசைத்துண்டின்மேல் குனோ ஒரு புதிய மெட்டைப் படரவிட்டார். 1853-இல் வெளிவந்த அந்த இசைக்கு 1859-இல் மரியன்னை செபத்தின் வரிகள் இணைந்தன. ஜெர்மானிய லூத்தரன் ஒருவரும் பிரெஞ்சுக் கத்தோலிக்கர் ஒருவரும், நூறாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியைக் கடந்து, ஒரே பாடலில் கைகோத்தனர்.

1870-இல் மூண்ட போரால் குனோ இலண்டன் சென்றார்; 1874-இல் நாடு திரும்பினார். பிற்கால ஆப்பெராக்கள் தோல்வியுற்றபோது, மீண்டும் பக்தி இசைக்கே தம்மை அளித்தார். 1869-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதருக்காக அவர் இயற்றிய அணிவகுப்பு இசை, 1949-இல் வத்திக்கானின் கீதமாக ஏற்கப்பட்டது. இறந்துபோன பேரனின் நினைவாக இயற்றிய இரங்கல் திருப்பலி இசையே அவருடைய இறுதிப் படைப்புகளுள் ஒன்று. 1893 அக்டோபர் 18-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார்.

அன்புத் தோழியரே! பொதுத் தேர்வை முன்னிட்டு இவ்வாண்டு பத்தாம் வகுப்பினராகிய எங்களுள் சிலர் பாடகர் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. பாட்டு சோறு போடுமா என்று வீட்டில் கேட்கும்போது எங்களுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. குனோவின் தாயாரும் அவ்வாறே அஞ்சினார் என்று அறிந்த பின், அது கோபமன்று, அன்பே என்று புரிந்துகொண்டோம். அடுத்த ஆண்டு எந்தப் பிரிவை எடுப்பது, என்னவாக ஆவது என்று நாங்கள் இன்னும் அறியோம். ஒரு கதவு மூடினால் வாழ்வே மூடிவிட்டது என்று கலங்க வேண்டியதில்லை என்பதைக் குனோ கற்றுத் தருகிறார். குருமடத்தை விட்டு வெளியேறியவரின் பாடலே குருக்களை வழியனுப்பியது. தேர்வு முடிந்ததும் மாதா பீடத்தின் முன் மீண்டும் கூடிப் பாடுவோம்!

— பத்தாம் வகுப்பு மாணவி, அத்திப்பட்டு