தனக்குத் தானே பக்கவாத்தியம்!

கச்சேரி என்றால் பக்கவாத்தியம் வேண்டும். பாடுகிறவர் ஒருவர்தான். ஆனால் துணைக்கு வயலின்காரர் வேண்டும், மிருதங்கக்காரர் வேண்டும்.

அமெரிக்காவில் ஓர் இசைக் கலைஞர், தன் வாசிப்புக்குத் தானே பக்கவாத்தியம் வாசித்தார். ஒரே பாட்டில் எட்டு கித்தார்கள் ஒலித்தன. எட்டையும் வாசித்தவர் அவர் ஒருவரே!

அவர் பெயர் லெஸ் பால். அவர் செய்த புதுமை, இன்று உலகம் முழுவதும் மேடைகளில் பயன்படுகிறது.

துளை போட்ட சிறுவன்

விஸ்கான்சின் மாநிலத்தில் வாக்கஷா என்ற ஊரில், 1915-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி அவர் பிறந்தார். தாய் தந்தையர் வைத்த பெயர் லெஸ்டர் போல்ஸ்பஸ். பிற்காலத்தில் அவரே அதை லெஸ் பால் என்று சுருக்கிக்கொண்டார்.

அவருடைய வீட்டில் தானாக வாசிக்கும் பியானோ ஒன்று இருந்தது. துளைகள் போட்ட காகிதச் சுருளை அதில் மாட்டினால், துளைக்குத் துளை ஒரு சுரம் ஒலிக்கும். சிறுவன் லெஸ்டர் அதை உற்றுப் பார்த்தான். தானும் சில துளைகளைப் போட்டான். பாட்டில் இல்லாத சுரங்கள் பாட்டில் சேர்ந்தன!

முன்பே பதிவான இசையின்மேல் தன் இசையை ஏற்றும் ஆசை, அப்போதே அவன் மனதில் முளைத்துவிட்டது.

வாலிப வயதில், சாலையோர உணவு விடுதி ஒன்றின் வெளியே கித்தார் வாசித்தான். கித்தாரின் ஒலி தூரத்தில் கார்களில் இருந்தவர்களுக்கு எட்டவில்லை. லெஸ்டர் கிராமபோனின் ஊசிப் பகுதியைக் கழற்றிக் கித்தாரில் பொருத்தினான். அதைத் தாயின் ரேடியோவோடு இணைத்தான். கித்தார் உரக்க ஒலித்தது.

தாய் சொன்ன சொல்

லெஸ் பால் வளர்ந்தார். புகழும் வளர்ந்தது. 1943-ம் ஆண்டு ஹாலிவுட்டுக்குப் போனார். புகழ்பெற்ற பாடகர் பிங் கிராஸ்பிக்குக் கித்தார் வாசித்தார்.

ஒரு நாள் தாய் எவலின் அவரிடம், ரேடியோவில் மகனின் வாசிப்பைக் கேட்டதாகச் சொல்லி மகிழ்ந்தார். ஆனால் அன்று ரேடியோவில் வாசித்தவர் லெஸ் அல்ல. அவரைப் போலவே வாசிக்கும் வேறொருவர்!

பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை என்றால், மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? வேறு யாராலும் வாசிக்க முடியாத இசையை உண்டாக்க வேண்டும் என்று லெஸ் உறுதி கொண்டார். வீட்டின் கார் கொட்டகையை ஒலிப்பதிவுக் கூடம் ஆக்கினார். இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தைத் தானே செய்தார். அதைச் சீராகச் சுழற்றுவதற்குக் காடிலாக் காரின் சக்கரம் ஒன்றைப் பொருத்தினார்.

முதலில் ஒரு கித்தார் வாசித்து ஒரு தட்டில் பதிவு செய்வார். பிறகு அந்தத் தட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து இன்னொரு கித்தார் வாசிப்பார். இரண்டும் சேர்ந்து அடுத்த தட்டில் பதிவாகும். அதன்மேல் மூன்றாவது, அதன்மேல் நான்காவது!

இப்படி உருவானதுதான், 1948-ம் ஆண்டு வெளிவந்த 'லவர்' என்னும் இசைத்தட்டு. கேட்டவர்கள் திகைத்தார்கள்.

ஒடிந்த கை

அதே 1948-ம் ஆண்டு ஜனவரி மாதம் பெரிய ஆபத்து வந்தது. ஓக்லஹோமா மாநிலத்தில், பனி உறைந்த சாலையில் அவருடைய கார் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. லெஸ்ஸின் வலது முழங்கை நொறுங்கியது.

கையை மறுபடி மடக்கி நீட்ட முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். எந்த நிலையில் வைத்துப் பொருத்துகிறார்களோ, அந்த நிலையிலேயே நின்றுவிடும். வேறொருவராக இருந்தால் மனம் உடைந்திருப்பார். லெஸ் கேட்டது ஒன்றுதான்: கித்தாரை அணைத்து மீட்டும் நிலையில் கையை மடக்கிப் பொருத்த வேண்டும்!

அப்படியே செய்தார்கள். ஒன்றரை ஆண்டுக் காலம் கழித்து அவர் மறுபடி கித்தாரை எடுத்தார்.

விபத்தின்போது உடன் இருந்தவர் பாடகி காலீன் சம்மர்ஸ். அவருக்கு மேரி போர்டு என்று பெயர் சூட்டியவர் லெஸ்தான். 1949-ம் ஆண்டு டிசம்பரில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

ஒரு பிழை, உழைப்பெல்லாம் பாழ்!

அந்த ஆண்டில் பிங் கிராஸ்பி ஒரு பரிசு கொடுத்தார். அது ஒரு டேப் ரிக்கார்டர். லெஸ் அதில் கூடுதலாக ஓர் ஒலிமுனையைப் பொருத்தச் செய்தார். டேப்பில் உள்ள பழைய ஒலி அழிவதற்கு முன்பே அது கேட்கும். அதோடு புது வாசிப்பும் கலந்து, அதே டேப்பில் மறுபடி பதிவாகும்.

வசதி பெரிது. ஆபத்தும் பெரிது! புது ஒலி ஏறும்போது பழையது அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் ஒரு சுரம் தவறினால், ஒன்பது அடுக்கும் போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. ஒவ்வொரு முறை மறுபதிவு செய்யும்போதும் பழைய ஒலி சற்று மங்கும். ஆகவே லெஸ் ஒரு முறையைக் கையாண்டார். துணையாக நிற்கும் பகுதிகளை முதலில் பதிந்தார். எல்லோரும் கவனித்துக் கேட்கும் முக்கியமான குரலையும் கித்தாரையும் கடைசியில் வைத்தார்.

மேரியும் இப்படியே பாடினார். தன் குரலுக்குத் தானே துணைக்குரல் கொடுத்தார். 1951-ம் ஆண்டு வெளிவந்த 'ஹவ் ஹை தி மூன்' பாட்டு, அமெரிக்காவில் 9 வாரம் முதல் இடத்தில் நின்றது.

மேடையில் வந்த சிக்கல்

இப்போது புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. இசைத்தட்டில் கூட்டமாகக் கேட்ட கித்தார்களையும் குரல்களையும் மேடையிலும் கேட்க ஜனங்கள் விரும்பினார்கள். மேடையிலோ இருப்பது ஒரு கித்தார், ஒரு குரல்! காசு கொடுத்து வந்தவர்களை ஏமாற்றி அனுப்பலாமா?

ரேடியோ நிகழ்ச்சியில் லெஸ் ஒரு வேடிக்கைக் கருவியைப் பற்றிச் சொல்லி வந்தார். எதையும் பொடியாக்கும் இயந்திரத்துக்கு ஆங்கிலத்தில் 'பல்வரைசர்' என்று பெயர். அதோடு தன் பெயரைச் சேர்த்து, 'லெஸ் பால்வரைசர்' என்றார். ஒரு குரலைப் பல குரலாக்கும் மாயப் பெட்டியாம்! அது வெறும் கற்பனை.

அந்தக் கற்பனையை 1950-களில் அவர் உண்மையாக்கினார். வீட்டில் பொறுமையாக வாசித்த துணை இசையை டேப்பில் பதிந்து வைத்தார். டேப் ரிக்கார்டர் திரைக்குப் பின்னால் இருக்கும். அதை ஓட்டவும் நிறுத்தவும் பொத்தான்கள் உள்ள சிறு பெட்டி ஒன்று கித்தாரிலேயே இருக்கும். விரல் பட்டதும் துணை இசை எழும். அதன்மேல் லெஸ் வாசிப்பார், மேரி பாடுவார்.

ஒரு முறை உழைத்துச் செய்த பதிவு, ஊருக்கு ஊர் பக்கவாத்தியமாகக் கூட வந்தது. ஆனால் ஒன்று. மனிதர் வாசிக்கும் பக்கவாத்தியம், பாடுகிறவர் தடுமாறினால் காத்திருக்கும். டேப் காத்திருக்காது! டேப்பின் தாளத்தை ஒரு கணமும் விடாமல் பிடித்து வாசிக்க வேண்டும். அதற்குப் பழுத்த பயிற்சி வேண்டும். லெஸ்ஸுக்கு அது இருந்தது.

பிரிவும் முதுமையும்

ஓயாத பயணம் மேரியைக் களைப்படையச் செய்தது. 1964-ம் ஆண்டு இருவரும் விவாகரத்துப் பெற்றார்கள். மேரி 1977-ம் ஆண்டு காலமானார். அந்த இனிய குரல்களை அடுக்கடுக்காகச் சேர்க்க முடிந்த லெஸ்ஸால், குடும்பத்தை ஒன்றாகச் சேர்த்து வைக்க முடியவில்லை.

1980-ம் ஆண்டு அவருக்கு இருதய ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகும் அவர் ஓயவில்லை. 1984-ம் ஆண்டு முதல் நியூயார்க் நகரில் திங்கட்கிழமைதோறும் வாசித்தார். மூட்டு நோயால் சில விரல்கள் மடங்கவில்லை. மடங்கிய விரல்களைக் கொண்டே வாசித்தார்! 2005-ம் ஆண்டு அமெரிக்காவின் தேசிய கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது.

2009-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, 94-வது வயதில் அவர் மறைந்தார். சொந்த ஊரான வாக்கஷாவில், தாயின் அருகில் அவரை அடக்கம் செய்தார்கள்.

இன்று அவருடைய இயந்திரங்கள் செய்த வேலையைக் காலடியில் கிடக்கும் சிறு பெட்டி செய்கிறது. அதற்கு லூப்பர் பெடல் என்று பெயர். ஒரு முறை மிதித்தால் வாசிப்பது பதிவாகும். மறுபடி மிதித்தால் அது திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதன்மேல் அடுத்த அடுக்கை ஏற்றலாம். பெடலில் பதிந்ததைச் சேமித்து, கம்ப்யூட்டரில் சீர்படுத்தி, அடுத்த கச்சேரிக்கும் பக்கவாத்தியமாக வைத்துக்கொள்ளலாம். பிழை வந்தால், அந்த ஓர் அடுக்கை மட்டும் நீக்கும் வசதியும் பல பெடல்களில் உண்டு.

அந்த வசதி லெஸ் பாலுக்கு இருக்கவில்லை. அதனால்தான் ஒவ்வொரு சுரத்தையும் அவர் கவனமாக வாசித்தார். வீட்டில் சிந்திய வியர்வைதான், மேடையில் அவருக்குத் துணை நின்றது!