கல்லான மரங்களைக் கற்றவர்

குறிஞ்சாக்கேணி எனது ஊர். ஒரு கொடியின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் ஊர். களப்பின் கரையிலே கண்டலும், வீட்டு வளவுகளிலே வேம்பும் தென்னையும், சற்று உள்ளே சென்றாற் பாலையும் முதிரையும் காணலாம். ஆனால் ஊசியிலை மரமொன்றை இயற்கையின் கையால் நட்டபடி இங்கே காண இயலாது. எங்கள் ஊரில் மட்டுமன்று, இலங்கைத் தீவு முழுவதிலுமே தானாக முளைத்து வளரும் ஊசியிலை மரம் எதுவும் இல்லை. மலைநாட்டின் சரிவுகளிற் காணப்படும் பைன் மரங்கள் கடல் கடந்து வந்த வித்துக்களைக் கொண்டு மனிதர் நட்டவை.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, ஊசியிலை மரங்களின் மரக்கட்டையை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற பேராசிரியர் பீர்பால் சாஹ்னியைப் பற்றி நான் எழுதப் புகுவதற்கு ஒரு காரணம் உண்டு. அது எனக்குப் பெருமை தரும் காரணமன்று.

விஞ்ஞான ஆசிரியனாக நான் பணி தொடங்கிய நாளில், வித்துமூடியிலிகளைப் பற்றிய பாடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கடற்கரைச் சவுக்கு மரத்தைக் காட்டினேன். ஊசிபோன்ற பசுங்கிளைகள், சிறு கூம்புபோன்ற காய்கள், காற்றிலே எழும் அந்த இரைச்சல், இவையெல்லாம் எனக்குப் போதுமான சான்றுகளாகத் தோன்றின. நூலிலே படித்த பைன் மரம் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது என்ற மகிழ்ச்சி வேறு. ஐந்தாறு ஆண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். சவுக்கு பூக்கும் மரங்களின் குலத்தைச் சேர்ந்தது, அதன் ஊசி என்பது இலையன்று, கணுக்கணுவாய் அமைந்த சிறு கிளை, அதன் கூம்பு என்பது பல சிறு கனிகளின் திரட்சி என்பவற்றைப் பின்னரே அறிந்தேன். அதை அறியச் செய்தது சாஹ்னியின் வாழ்வைப் பற்றிய ஒரு நூலும், அதன் வழியாக நான் தேடிப் படித்த மரக்கட்டையின் இயலும்தாம். புறத்தோற்றத்தை நம்பாதே, கட்டையை வெட்டிப் பார் என்பது அம்மனிதர் வாழ்நாள் முழுவதும் கைக்கொண்ட முறை.

பீர்பால் சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூருக்கு அணித்தே உப்பு மலைத்தொடர் உள்ளது. பூமியின் பழைய ஏடுகள் அடுக்கி வைத்தாற்போன்ற பாறைகள் அவை. தந்தையார் ருசி ராம் சாஹ்னி லாகூர் அரசினர் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியர். பின்னாளில் மான்செஸ்டருக்குச் சென்று, புகழ்பெற்ற ரதர்போர்டின் ஆய்வுகூடத்திலும் பணியாற்றியவர். விடுமுறை வந்தால் மைந்தர்களை அழைத்துக்கொண்டு இமயத்தின் கணவாய்களில் நடப்பது அவர் வழக்கம். தேவதாரு நிழலிலே நடந்து பழகிய சிறுவனுக்கு மரங்கள் பாடமாக வரவில்லை, உறவாக வந்தன என்று சொல்லத் தோன்றுகிறது.

மகன் இந்திய சிவில் சேவையிற் சேர வேண்டுமென்பது தந்தையாரின் விருப்பம். அக்காலத்தில் அப்பதவி எத்துணைப் பெரியது என்பதை இன்றைய மாணவர் உணர்வது அரிது. ஒரு மாவட்டமே கை கட்டி நிற்கும் பதவி அது. மைந்தர் தாவரவியலே வேண்டும் என்றார். தந்தையார் இணங்கினார். 1911ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் இம்மானுவேல் கல்லூரியிற் சேர்ந்த இளைஞருக்கு ஏ. சி. சீவர்ட் ஆசிரியராக வாய்த்தார். தொல்தாவரங்களை ஆராய்வதில் அந்நாளில் அவருக்கு நிகரானோர் சிலரே.

மாணவப் பருவம் முற்றாக நீங்குமுன்னரே, 1915இல், சாஹ்னி ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். கிங்கோ என்னும் மரத்தின் சூல்வித்தினுள்ளே வேற்று மரத்தின் மகரந்தம் புகுந்திருப்பதை அவர் கண்டார். இது அற்பச் செய்தி போலத் தோன்றலாம். ஆனால் கல்லாகிவிட்ட ஒரு வித்தினுள்ளே மகரந்தம் கிடைத்தால், இரண்டும் ஒரே மரத்துக்கு உரியவை என்று அறிஞர்கள் முடிவு செய்வது வழக்கம். அந்த முடிவின் அடித்தளத்திலே இவ்விளைஞர் மெல்லத் தட்டிப் பார்த்தார். சான்று அருகில் இருப்பதாலேயே அது சொந்தச் சான்றாகிவிடாது என்ற எச்சரிக்கை அதில் இருந்தது. சவுக்கங்காயை எடுத்துக் கூம்பு என்று காட்டிய எனக்கு இந்தக் கட்டுரையின் செய்தி பிந்தித்தான் கிட்டியது.

அடுத்து அவர் கவனம் முழுவதும் ஊசியிலை மரங்களின்பாற் சென்றது. பசிபிக் சமுத்திரத்தின் நியூ கலிடோனியாத் தீவில் வளரும் அக்மோபைல் என்ற அரிய மரத்தின் அமைப்பை ஆராய்ந்து 1920இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே, யூ எனப்படும் மரமும் அதன் சுற்றமும் ஏனைய ஊசியிலை மரங்களினின்றும் பிரித்துத் தனி வரிசையாக வைக்கப்பட வேண்டியவை என்ற கருத்தையும் முன்வைத்தார். இலண்டன் பல்கலைக்கழகம் 1919இலேயே அவருக்குக் கலாநிதிப் பட்டம் அளித்திருந்தது. மேலைநாட்டிலே தங்கியிருந்தால் வசதிகள் மிகுந்திருக்கும். அவர் தாயகம் திரும்பினார். காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் கற்பித்தபின், 1921இல் லக்னோ பல்கலைக்கழகத்தின் முதலாவது தாவரவியற் பேராசிரியரானார். சாவித்திரி அம்மையாரை மணந்ததும் 1920இல்தான். அவரைப் பற்றிப் பின்னர் கூறுவேன்.

மரக்கட்டை எவ்வாறு பேசுகிறது என்பதை ஈண்டுச் சற்று விளக்குதல் தகும். பூக்கும் மரத்தின் கட்டையைக் குறுக்கே வெட்டினால் நீர் ஏறும் கலன்கள் நுண்துளைகளாகத் தெரியும். ஊசியிலை மரத்தில் அத்தகைய கலன்கள் கிடையா. இருமுனையும் மூடிய குழற்போலிகள் என்னும் நீண்ட கலங்களே அங்கு நீரையும் ஏற்றுகின்றன, மரத்தையும் தாங்குகின்றன. ஒரு குழற்போலியிலிருந்து அடுத்ததற்கு நீர் செல்லும் வழி, கலச் சுவரிலே உள்ள கரையிட்ட குழிகள். பைன் இனத்தில் அக்குழிகள் வட்டமாய், ஒன்றையொன்று தொடாமல் வரிசையில் நிற்கும். அரோக்கேரியா இனத்திலோ அவை தேன்கூட்டறைகளைப்போல நெருங்கி அறுகோணமாகிவிடும். பைனில் பிசின் ஓடும் கால்கள் உண்டு, பொடோகார்ப்பஸ் இனத்தில் அவை இல்லை. இவ்வளவு நுண்ணிய வேறுபாடுகளும் மரம் கல்லானபின்னும் அழியாமல் நிலைத்திருப்பதுதான் வியப்பு. கல்லாகிய கட்டையைத் தகடாக அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மரத்தில் நீர் ஏறிய வழி கண்முன்னே தெரியும்.

இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து கிடைத்துப் பெயர் குழம்பிக் கிடந்த தொல் ஊசியிலை மரங்களையெல்லாம் சாஹ்னி இவ்வாறு மீள ஆராய்ந்தார். இலைப்பதிவுகளைப் பற்றிய பகுதி 1928இலும், கல்லான கட்டைகளைப் பற்றிய பகுதி 1931இலும் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத்துறையின் வெளியீடுகளாக வந்தன. தமிழர் ஆகிய நமக்கு இவற்றுள் இரண்டாவது பகுதி மிக நெருக்கமானது. ஏனெனில் அதிலே தமிழ்நாட்டு மரங்கள் உள்ளன.

திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையில், சங்கராபரணி ஆற்றை அண்டித் திருவக்கரை என்ற தலம் உண்டு. அங்கே வயல்வெளியை அடுத்த செம்மண் மேட்டில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழைமையுள்ள மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அவை வக்கிராசுரனின் எலும்புகள் என்பது ஊரார் வழக்கு. நான் ஒருமுறை அங்கே சென்றிருந்தேன். பட்டையின் வரியும் கணுவின் சுழியும் அப்படியே உள்ளன. கை வைத்தாலோ பாறையின் சூடு. வேரும் கிளையும் இன்றி அடிமரங்கள் மட்டும் கிடப்பதால், அவை நின்ற இடத்தில் மடிந்தவை அல்ல, பெருவெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலிற் புதையுண்டவை என்று அறிஞர் கூறுவர். அக்கட்டை ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே, கலக்கொள்கையால் மாணவர்க்கு அறிமுகமான ஜெர்மானியர் ஷிலைடன் பரிசோதித்து, பைனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டிருந்தார். சாஹ்னி அதை மீள ஆராய்ந்து, அது பொடோகார்ப்பஸ் இனத்துக்கே நெருங்கியது என்று கண்டு, மெசெம்பிரியோக்சைலன் என்னும் பேரினத்திலே சேர்த்தார். தெற்கத்திய மரக்கட்டை என்பது அச்சொல்லின் பொருள். ஸ்ரீபெரும்புதூர்ப் பாறைகளிலிருந்து கிடைத்த அதனிலும் பழைய கட்டை ஒன்றுக்குப் பார்த்தசாரதி என்னும் பெயரையே வைத்தார். திருவக்கரையின் கல்மரங்கள் 1940 முதல் காக்கப்பட்ட பூங்காவாக உள்ளன.

அதே 1940இல் இந்திய விஞ்ஞான மாநாடு சென்னையில் கூடியபோது தலைமை வகித்தவரும் சாஹ்னிதான். தக்காணத்து எரிமலைப் பாறைகளின் காலத்தைப் பற்றியது அவர் தலைமையுரை. பாறைகளின் இடையிடையே கிடைத்த தாவரங்களைக் கொண்டு, அவை கருதப்பட்டதிலும் பிந்தியவை என்று வாதித்தார். அக்குழம்பு பெருமளவில் வழிந்தது 6.6 கோடி ஆண்டுகளை ஒட்டி, இரு யுகங்களின் எல்லையிலே என்று இன்றைய அளவீடுகள் காட்டுகின்றன. அவர் சொன்னதும் முற்றும் சரியன்று, அவரை மறுத்தோர் சொன்னதும் முற்றும் சரியன்று.

பிழையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ராஜ்மகால் குன்றுகளிலே கிடைத்த ஒரு கட்டைக்கு 1932இல் ஹோமோக்சைலன் எனப் பெயரிட்டு, கலன்களற்ற கட்டையையுடைய மக்னோலியாச் சுற்றத்து மரங்களோடு அதை ஒப்பிட்டார். அவ்வாறாயின் பூக்கும் மரங்களின் வரலாறே வெகுதொலைவு பின்செல்லும். பின்னர் அவர் நிறுவிய நிறுவனத்தின் ஆய்வாளர்களே அக்கட்டை பென்னட்டிட்டேல்ஸ் என்ற அழிந்துபோன குலத்தைச் சேர்ந்தது எனக் கண்டனர். 1954இல் அதற்கு இடப்பட்ட புதுப்பெயர் சாஹ்னியோக்சைலன். ஆசிரியரின் பிழையைத் திருத்திய மாணவர் பரம்பரை, திருத்தப்பட்ட பொருளுக்கே ஆசிரியரின் பெயரைச் சூட்டிய காட்சியை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அக்குன்றுகளின் நிபானியா என்னும் இடத்தில் அவர் இறுதிக் காலத்தில் கண்ட பென்டோக்சைலன் அதனினும் விந்தையானது. ஊசியிலை மரத்தின் கட்டையை ஒத்த ஐந்து கூறுகள் ஒரே தண்டினுள் அமைய, இலையோ சைக்கஸ் இனத்தை நினைவூட்டும். எக்குலத்திலும் அடங்காத அதற்கு 1948இல் தனிக்குலமே வகுத்தார்.

கதர் உடுத்து எளிமையாக வாழ்ந்த அவருக்குப் பழங்காசுகளிலும் ஈடுபாடு உண்டு. ரோதக் நகரருகே ஒரு மேட்டிலே கிடைத்த காசு வார்ப்பச்சுக்களை ஆராய்ந்து 1945இல் நூலெழுதி நாணயவியலார் பதக்கமும் பெற்றார். 1936இல் இலண்டன் வேத்தியற் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டமை யாவரும் அறிந்தது.

எனினும் அவர் மனத்தில் இருந்தது ஒன்றே: தொல்தாவரங்களுக்கெனத் தனி ஆய்வு நிறுவனம். 1946இல் அது உருப்பெற்றது. அடுத்த ஆண்டு நாடு பிரிந்தபோது அவர் பிறந்த ஊரும், சிறுவயதில் அருகிருந்த உப்பு மலைகளும் அயல்நாடாகின. 1949 ஏப்ரல் 3ஆம் நாள், லக்னோவிலே நிறுவனத்தின் கட்டடத்துக்குப் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். இருவரும் நவம்பர் 14இல் பிறந்தவர்கள் என்பது ஒரு தற்செயல். அந்த அடிக்கல் வெறுங்கல்லன்று, தொல்லுயிர்ச் சுவடுகள் பதித்த கல். ஒரு வாரம் கழிந்தது. ஏப்ரல் 10ஆம் நாள் மாரடைப்பினால் சாஹ்னி காலமானார். வயது 57. மறு ஆண்டு ஸ்டொக்ஹோமில் கூடவிருந்த அனைத்துலகத் தாவரவியல் மாநாட்டின் கௌரவத் தலைமை அவருக்காகக் காத்திருந்தது.

சாவித்திரி அம்மையாரைப் பற்றிச் சொல்வேன் என்றேன். கணவரின் பயணங்களிலெல்லாம் உடன் சென்ற அவர் ஆராய்ச்சியாளர் அல்லர். ஆயினும் கணவர் மறைந்ததும் முதல் அந்நிறுவனத்தின் பொறுப்பை ஏற்றார். கட்டடம் எழும்பியது. 1953 ஜனவரியில் நேருவே வந்து திறந்து வைத்தார். சாஹ்னியின் சமாதி அவ்வளவிலேயே உள்ளது. அந்த வாரத்தோடு எல்லாம் முடிந்திருக்கக் கூடியதை முடியவிடாமற் காத்தவர் அம்மையாரே என்பது என் எண்ணம். வரலாறு எழுதுவோர் இதை ஓரிரு வரியிற் கடந்துவிடுகின்றனர்.

இலங்கைக்கு மீண்டு வருகிறேன். எங்கள் கோணேசர் மலைப் பாறையில் தொல்மரம் தேடினால் கிடையாது, அது வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பழம்பாறை. ஆனால் புத்தளத்தை அடுத்த தப்போவவில் ஜுராசிக் காலப் படிவுகள் உண்டு. அவற்றின் தாவரங்களைச் சாஹ்னியின் ஆசிரியர் சீவர்ட், ஹோல்ட்டம் என்பவரோடு சேர்ந்து 1922இல் விவரித்தார். லக்னோவைச் சேர்ந்த சிதோலே 1944இல் மீண்டும் ஆராய்ந்தார். அவற்றுள்ளே ஊசியிலை மரங்கள் உள்ளன! இன்று ஒன்றுமில்லாத இத்தீவிலே ஒருகாலத்தில் அவை காடாக நின்றன. இந்தியாவும் இலங்கையும் தென்கண்டங்களும் ஒன்றாய் இருந்த நாளின் காடு அது. நம்மிலிருந்து தொலைவில்லாத மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் அவ்வினத்தின் எச்சமாக ஒரே ஒரு மரவகை இன்றும் இயற்கையாய் வளர்கிறது. அதன் இலை ஊசியன்று, அகன்ற சாதாரண இலை. புறத்தோற்றத்தை நம்பும் என்போன்றோர் அதன் கீழே நின்றாலும் ஊசியிலை மரம் எங்கே என்று கேட்டிருப்போம்.

ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டில், துறைமுகத்துச் சரக்குப் பெட்டியிலிருந்து கழற்றிய பைன் துண்டொன்றையும் ஒரு சவுக்கு விறகையும் வகுப்புக்குக் கொண்டு சென்றேன். இரண்டின் முனையையும் கூரிய கத்தியால் மழித்து, கைவில்லையோடு மாணவரிடம் கொடுத்தேன். சவுக்கிலே துளைகள் தெரிந்தன. பைனிலே வளையங்களும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிசின் கால்களும் தவிர வேறு துளை தெரியவில்லை. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, தன் தந்தையும் என்னிடமே படித்தவர் என்றும், சவுக்கு பைனின் தம்பி என்று அவர் சொல்லித் தந்திருக்கிறார் என்றும் கூறினாள். அன்று மாலையே அவள் வீட்டுக்கு அவ்விரு துண்டுகளையும் எடுத்துக்கொண்டு சென்றேன்.